காலணாவுக்கு இரண்டு காசு
நெல் விளையும் ஊர்களில் பழைய மளிகைக் கடை நடந்த விதம்

தகப்பனாருக்குப் பின் கடையை ஏற்று நடத்தும் இளைய வணிகர்கள் சிலர், பரணில் கிடக்கும் பழைய பேரேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்கவில்லை என்று மூடி வைத்துவிடுகிறார்கள். விளங்காததில் வியப்பில்லை. தலைப்பில் பிள்ளையார் சுழி இருக்கும். அதன் கீழ் லாபம் என்று எழுதியிருக்கும். அதற்கப்புறம் வருவதெல்லாம் வீசையும் பலமும், மரக்காலும் படியும், அணாவும் தம்பிடியும்தான். சில கணக்குப் புத்தகங்களில் எண்களும் தமிழ் எண்களாகவே இருக்கும். வரவுப் பக்கம் பணம் இருக்க வேண்டிய இடத்தில் நெல் வரவு என்று போட்டிருப்பதைப் பார்த்தால் இன்னும் குழப்பம் கூடும்.

தஞ்சைப் பகுதியில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நீடாமங்கலம் போன்ற ஊர்களில் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் மளிகைக் கடை எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பேரேட்டைப் படிப்பது கடினமல்ல. அந்தக் கணக்கில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதும் அதிலேயே தெரியவரும்.

தண்ணீரைப் பார்த்துக் கடன்

அந்த ஊர்களில் வியாபாரத்தின் பஞ்சாங்கம் காவிரித் தண்ணீர்தான். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், ஜூன் 12-இல் அணை திறப்பது வழக்கமாயிற்று. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் நாற்று விடுவார்கள். குறுவை ஐப்பசி வாக்கில் வீடு வரும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில் வரும். இடையில் ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் கையில் காசு இராது. உழவு, நடவு, களையெடுப்பு என்று செலவு மட்டும் வந்துகொண்டிருக்கும். இந்த மாதங்களில் உப்பு, புளி, மிளகாய், மண்ணெண்ணெய் எல்லாம் பற்றில்தான் போகும். கடைக்காரரும் கும்பகோணம், நாகப்பட்டினம் மொத்த வியாபாரிகளிடம் கடனுக்குத்தான் சரக்கு எடுத்திருப்பார். ஆகவே கதிர் முற்றுகிறதா, மழை பிடித்துக்கொள்கிறதா என்ற கவலை உழவருக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு மளிகைக்காரருக்கும் உண்டு.

1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினக் கரையைத் தாக்கிய புயலை நினைத்துப் பாருங்கள். சம்பா வயலில் நிற்கும் சமயம் அது. பயிர் சாய்ந்தால் பேரேட்டில் இருக்கும் பாக்கியும் சேர்ந்து சாயும். போர்க்காலத்தில் தொடங்கிய உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி அரசு விலக்கியதும் அதே 1952 ஜூனில்தான். நெல் வியாபாரம் மறுபடி கைக்கு வந்த முதல் சாகுபடியிலேயே இந்த அடி.

பற்றுக்கொடுத்த பாக்கிக்குச் சட்டத்தில் ஒரு வரம்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கடந்தால் வழக்குப் போட முடியாது. அந்தக் காலத்துக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கடன்காரர் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு கிடைக்கும். தையில் கணக்குத் தீர்க்க வருபவரிடம், முழுப்பணம் தராவிட்டாலும் பரவாயில்லை, பேரேட்டில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டதன் காரணம் இதுதான். பழைய பேரேட்டில் தொகைக்கு எதிரே கைநாட்டு இருந்தால் அது வெறும் அழுக்கு அல்ல.

சட்டம் கடன்காரர் பக்கமும் நின்றது. 1938-இல் சென்னை மாகாண அரசு கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் முதல் தேதியன்று நிலுவையில் நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்தது. கொடுத்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் வட்டி அசலை விழுங்கிய பல குடும்பங்கள் அதனால் தலைதூக்கின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எந்தப் படி?

இனி அளவுக்கு வருவோம். தஞ்சைப் பகுதியில் 12 மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. மரக்காலுக்குப் பெரிய படியில் இரண்டு, சின்னப் படியில் நான்கு. பெரிய படிக்குப் பட்டணம் படி என்றும் பெயர். சென்னையிலோ எட்டுப் பட்டணம் படி சேர்ந்ததுதான் ஒரு மரக்கால். அதாவது மரக்கால் என்ற ஒரே சொல்லுக்கு ஊர் மாறினால் நான்கு மடங்கு வித்தியாசம். வெளியூர் மண்டிக்குக் கடிதம் எழுதும்போது எந்த ஊர் மரக்கால் என்று குறிப்பிடாதவர் பாடு திண்டாட்டம்.

படிக்கு எட்டு ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எல்லாம் பாதி பாதியாகப் போவதால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மனத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார். பட்டணம் படி அரிசி இன்றைய எடையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. நெல் மூட்டை அறுபது கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் படி என்பது பாத்திரம்தான். அதில் அளக்கும் கை வேறு. குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலை தட்டி அளந்தால் ஒரு கணக்கு. உயரத்திலிருந்து கொட்டினால் தானியம் இறுகும், மெல்லச் சரித்தால் பொலபொலவென்று நிற்கும். பண்ணைகளில் வாங்கும் மரக்கால் ஒன்று, கொடுக்கும் மரக்கால் ஒன்று என்ற பேச்சு ஊரெங்கும் இருந்ததற்குக் காரணம் உண்டு. களத்தில் குவித்த நெல்லின்மேல் சாணிப்பாலாலோ சாம்பலாலோ குறி போட்டு வைப்பார்கள். இரவில் ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். அளக்கத் தொடங்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் எண்ணுவார்கள். அந்தச் சொல்தான் நம் பேரேட்டின் தலைப்பிலும் ஏறியது.

கூலியும் நெல்லாகவே கொடுக்கப்பட்டது. மாலையில் கூலி நெல்லை முந்தானையில் முடிந்துகொண்டு நேராகக் கடைக்கு வருவார்கள் பெண்கள். கடைக்காரர் தம் படியால் அதை அளந்து வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக உப்பு, வற்றல், புகையிலை, விளக்குக்கு மண்ணெண்ணெய் கொடுப்பார். இதுதான் பேரேட்டில் இருக்கும் நெல் வரவு. குறுவை அறுப்பு மழைக் காலத்தில் வருவதால் அந்த நெல் ஈரமாக இருக்கும், காய்ந்தால் சுண்டும். கருக்காயும் பதரும் கலந்திருக்கும். அதற்காகக் கடைக்காரர் கொஞ்சம் கழித்துத்தான் விலை போடுவார். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் நியாயம், அநியாயம் எல்லாம் இருந்தது. வாங்குபவரும் விலை சொல்பவரும் அளப்பவரும் ஒரே ஆள். எதிரே நிற்பவருக்கு அன்றிரவு உலை வைக்க வேண்டும், பேரம் பேச நேரமில்லை. நம் முன்னோர் எல்லாரும் தர்மவான்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. இரண்டு வகையும் இருந்தார்கள்.

அரைப்படி நெல் என்பது அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வரலாறே சாட்சி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் பின்னணியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

நயா பைசா வந்தபோது

1957 ஏப்ரல் முதல் தேதி புதிய நாணயம் வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ரூபாய்க்கு 64 காலணா. இனி ரூபாய்க்கு 100 நயா பைசா. சில காலம் பழைய காசும் புதிய காசும் ஒன்றாகவே கல்லாப்பெட்டியில் கிடந்தன. மாற்றுவதற்கு ஓர் அட்டவணை இருந்தது. பின்னத்தில் பாதியோ அதற்குக் குறைவோ வந்தால் விட்டுவிட வேண்டும், பாதிக்கு மேல் வந்தால் முழுக் காசாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. அதன்படி ஓரணா 6 காசு, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25.

இதில் ஒளிந்திருந்த கணக்கைக் கவனியுங்கள். ஓரணாவின் உண்மை மதிப்பு ஆறேகால் காசு. ஓரணா ஓரணாவாகப் பதினாறு தடவை சரக்கு வாங்கியவர் கொடுத்தது 96 காசு. ரூபாய்க்கு நான்கு காசு கடைக்காரருக்கு நட்டம். அரையணாவுக்கு மூன்று காசு. அதிலும் ரூபாய்க்கு நான்கு காசு போயிற்று. ஆனால் காலணாவின் மதிப்பு ஒன்றரைக் காசுக்குச் சற்று மேல். பாதிக்கு மேல் என்பதால் அட்டவணையில் அது இரண்டு காசு ஆகிவிட்டது. காலணா காலணாவாக 64 தடவை வாங்கியவர் ரூபாய்க்குப் பதில் 128 காசு கொடுத்தார். இருபத்தெட்டுக் காசு அதிகம்.

காலணாவுக்கு யார் வாங்குவார்கள்? மிராசுதார் வீட்டிலிருந்து சீட்டு வரும். மாதச் சாமான் மொத்தமாகப் போகும், கணக்கு ரூபாயில் இருக்கும். அவர்களுக்கு நாணயம் மாறியதால் ஒரு பைசாகூட நட்டமில்லை. காலணாவுக்குப் புகையிலையும் காலணாவுக்கு உப்பும் வாங்கியவர்கள் கூலிக்காரர்கள். அந்த மாற்றத்தின் சுமை அப்படியே அவர்கள் தலையில் விழுந்தது. கடைக்காரர் ஒரு காசுதான் வாங்குவேன் என்றால் அவருக்கு ரூபாய்க்கு 36 காசு போய்விடும். அதுவும் நடக்காத காரியம்.

வழி இல்லாமல் இல்லை. காலணாச் சரக்கு இரண்டைச் சேர்த்து அரையணாவாக்கினால் நான்கு காசுக்குப் பதில் மூன்று காசுதான். சில்லறைச் சாமான்களைத் தனித்தனியே காசாக்காமல், அணாவிலேயே கூட்டிக் கடைசியில் ஒரே ஒரு தடவை மாற்றினால் பிழை அரைக் காசுக்கு மேல் போகாது. இரண்டு காசு வாங்கினால் சரக்கையும் அந்த விகிதத்துக்கு ஒரு சிட்டிகை கூட்டிப் போட்டுவிடலாம். கூடப் போடுகிற கொசுறுக்கு இப்படி ஒரு கணக்கும் இருந்தது. இதையெல்லாம் செய்வதும் செய்யாததும் கடைக்காரர் விருப்பம். சட்டம் கேட்காது. 1964 ஜூன் முதல் நயா என்ற சொல் போய் வெறும் பைசா ஆயிற்று.

கால் வீசையும் கால் கிலோவும்

காசு மாறி முடிவதற்குள் எடைக்கல் மாறத் தொடங்கியது. 1956-இன் எடை அளவுச் சட்டப்படி 1958 அக்டோபர் முதல் கட்டம் கட்டமாக மெட்ரிக் முறை வந்தது. 1962 ஏப்ரலில் பழைய முறைகள் சட்டத்துக்குப் புறம்பாயின. நம் பக்கத்து எடை 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. பலம் 35 கிராம், வீசை 1.4 கிலோ, மணங்கு பதினொன்றேகால் கிலோ அளவில் வரும்.

விலை மாற்றுவது அவ்வளவு கடினமல்ல. வீசை 14 அணா விற்ற சரக்கு, கிலோ 10 அணா. புதுக் காசில் அறுபத்திரண்டரை. தொல்லை காதில்தான் வந்தது. கால் என்ற சொல் மாறவில்லை, கல் மாறிவிட்டது. கால் வீசைப் புளி வாங்கிப் பழகியவர் கால் என்று கேட்டு, கால் கிலோவை வாங்கிப் போனால் வீட்டில் நூறு கிராம் குறையும். வாரக் கடைசியில் புளிப்பானை முன்னதாகவே காலியாகும். விலையைக் கிலோவுக்கு ஏற்பக் குறைத்துத்தான் வாங்கியிருந்தாலும், பானை காலியானவருக்குக் கடைக்காரர் எடையில் கை வைத்துவிட்டார் என்றுதான் தோன்றும். பல ஆண்டு வாடிக்கை இப்படிக் கசந்ததுண்டு. கடையில் அட்டை எழுதித் தொங்கவிட்டதால் பயனில்லை. படிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சந்தேகமே வராது. பழைய கல்லையும் புதுக் கல்லையும் எதிரெதிர்த் தட்டில் வைத்துக் கண்முன்னால் காட்டினால்தான் நம்புவார்கள்.

சட்டம் போன பிறகும் படி போகவில்லை. 1967 பொதுத்தேர்தலில் தி.மு.க. கொடுத்த பெரிய வாக்குறுதி ரூபாய்க்குப் படி அரிசி. கிலோ கட்டாயமாகி ஐந்து ஆண்டு ஆன பிறகும் மக்கள் மனத்தில் அரிசிக்கு அளவு படிதான் என்பது அண்ணாவுக்குத் தெரிந்திருந்தது. ஆட்சிக்கு வந்ததும் அவ்வாண்டு மே மாதம் சென்னையிலும் கோவையிலும் அந்தத் திட்டம் தொடங்கியது.

1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டு, நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வந்தன. கூலியும் மெல்ல மெல்லப் பணமாக மாறியது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் விலையில்லா அரிசி. இப்படி நெல்லும் அரிசியும் ஒவ்வொன்றாக மளிகைக் கடையை விட்டு விலகின. பேரேட்டில் நெல் வரவு என்ற வரி எந்த ஆண்டோடு நிற்கிறது என்று உங்கள் வீட்டுப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். ஊரில் கூலி எப்போது காசானது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. கரையான் அரிக்கும்முன் எடுத்துத் தூசி தட்டி வையுங்கள்.

ஒரு சரக்கில் மட்டும் படி இன்னும் நம் கடைகளில் உயிரோடு இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பொரி வாங்க வருபவர் யாரும் லிட்டர் கணக்கில் கேட்பதில்லை, இரண்டு படி கொடுங்கள் என்றுதான் கேட்கிறார். வாடிக்கையாளர் வாயால் எப்படி வேண்டுமானாலும் கேட்கட்டும். ஆனால் 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி, விலையை அரசு ஒப்புக்கொண்ட அளவையில்தான் சொல்ல வேண்டும். விலைப் பலகையில் படி இவ்வளவு என்று எழுதுவது குற்றம். அளக்கும் பாத்திரத்திலும் முத்திரை இருக்க வேண்டும். பாட்டனார் காலத்துப் பித்தளைப் படியைப் பூஜையில் வைத்துப் பொட்டிடுங்கள். பொரி அளப்பது முத்திரை போட்ட லிட்டர் அளவையாக இருக்கட்டும்.