பந்தாட்டம் கற்பித்த உபாத்தியாயர்

"பந்து விளையாடினால் சோறு போடுமா?" என்று பிள்ளையைக் கேட்காத தாய்மார் தவளக்குப்பத்திலும் இல்லை, தாம்பரத்திலும் இல்லை. புழுதியும் வியர்வையுமாகப் பிள்ளை வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி வாயில் தானாக வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பள்ளிக்கூடத்து வாத்தியாரே பந்தைக் கட்டிக்கொண்டு அலைந்தால் என்ன சொல்வது?

பிரான்ஸ் தேசத்தில் அப்படி ஒருவர் இருந்தார். ஜெரார் ஊலியே என்று பெயர். ஆங்கில ஆசிரியராக இருந்தவர், கால்பந்துப் பயிற்சிக்கு வந்தார். 2001-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் கோஷ்டிக்கு ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகளை வாங்கித் தந்தார். பயிற்சியாளர்களை உருவாக்கும் பொறுப்பையும் தம் நாட்டில் ஏற்றிருந்தார். 2020-ல் காலமானார்.

அவருக்கு முந்தின தலைமுறையிலேயே நம் தேசத்தில் அதே மாதிரி ஓர் உபாத்தியாயர் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம்.

1909-ல் பிறந்த ரஹீம் சாகிப், பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1950-ல் ஹைதராபாத் போலீஸ் கோஷ்டியின் பயிற்சியை ஏற்றார். அந்த வருஷம் தொடங்கி 1954 வரை, பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பை வேறு எவர் கைக்கும் போகவில்லை!

அவருடைய முறை வேடிக்கையானது. பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று ஒரு பந்தயம் வைப்பார். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல் உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று இன்னொரு பந்தயம். விளையாட்டைப் போலவே பாடம் நடக்கும்.

1951 டில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது. மறு வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். அதன் பிறகுதான் நம்மவர்களுக்குப் பூட்ஸ் கட்டாயமாயிற்று. நான்கே வருஷம் கழித்து, 1956-ல் மெல்போர்னில், இந்தியா நான்காம் இடத்தைப் பிடித்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் எதிரே நின்றது பிரான்ஸ். நம்மவர்கள் முதலில் கோல் போட்டார்கள். ஆட்டம் முடிய சிறிது நேரமே இருக்கையில் பிரெஞ்சுக்காரர்கள் சமன் செய்துவிட்டார்கள். 1-1. அப்போது புதுவை நம்மிடம் வந்து ஏறக்குறைய ஆறு வருஷமாகியும், சட்டப்படி அது பிரான்சின் சொத்தாகவே இருந்தது!

அந்த ஒலிம்பிக்கில் நம் கோஷ்டிக்கு இரண்டு கோல் போட்டவர் துளசிதாஸ் பலராம். சிகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஏழைப் பிள்ளை. இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ரஹீமின் சொந்த மகன் ஹக்கீம் அந்தக் கோஷ்டியில் இருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. மகனுக்கென்று தராசைச் சாய்க்காத தகப்பனார்! வீட்டில் அந்தத் தாயின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா. புதுவை சட்டப்படியும் இந்தியாவுடன் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இறுதி ஆட்டத்தில் தென் கொரியா. முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே கோஷ்டி. அரங்கில் இருந்த லட்சம் ஜனங்களும் இந்தியாவைக் கண்டால் கூச்சல் போட்டார்கள். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்தியப் பிரமுகர் ஒருவர் கண்டித்திருந்ததுதான் காரணம்.

ரஹீம் சாகிபின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் புத்தி தளரவில்லை. தலையில் தையல் போட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னெயில் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். கோல் காக்கும் வேலையைப் பீட்டர் தங்கராஜிடம் ஒப்படைத்தார். பானர்ஜி ஒரு கோல், ஜர்னெயில் ஒரு கோல். 2-1. தங்கம்!

ஒன்பது மாதம் சென்று, 1963 ஜூனில், உபாத்தியாயர் கண்ணை மூடினார். ரோமுக்குப் பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவில்லை. ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கமும் அதன் பிறகு கிட்டவில்லை. 2024-ல் அவர் கதை ஹிந்தியில் 'மைதான்' என்ற படமாக வந்தபோதுதான் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

பந்து சோறு போடுமோ, போடாதோ! ஆனால் கூடி ஆடவும், தன் முறைக்குக் காத்திருக்கவும், தோற்றால் மறுபடி எழுந்து நிற்கவும் அது கற்றுக் கொடுக்கும். நாளை உங்கள் பிள்ளை புழுதியோடு வந்தால், முதலில் கால் கழுவத் தண்ணீர் கொடுங்கள். கேள்வியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.