லேசர் ஒளியும் கண்பார்வைத் திருத்தமும்

லேசர் சிகிச்சை செய்துகொண்டால் மூக்குக் கண்ணாடியே வேண்டாமா என்று பெற்றோரும் தொழிலாளரும் களப்பணியாளரை வினவுவதுண்டு. விடை கூறுமுன், அச்சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்திருத்தல் நலம்.

கண்ணுக்குள் புகும் ஒளியை வளைத்து விழித்திரையின்மீது குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைச் செய்வது உள்ளேயிருக்கும் வில்லையன்று. கருவிழியின்மேல் கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் விழிவெண்படலமே ஆகும். அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கிட்டப்பார்வை உடையோரிற் பெரும்பாலோர்க்குக் கண்கோளம் சற்று நீண்டிருப்பதால், தொலைப்பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுகிறது. படலத்தின் நடுவைச் சிறிது தட்டையாக்கினால் பிம்பம் பின்னே நகர்ந்து உரிய இடத்தில் விழும். தத்துவம் இவ்வளவே. ஆயின், மயிரிழையினும் மெல்லியதாகத் திசுவைச் சீவும் கருவி எது?

அதற்கு வழிகண்டவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வேதியியலறிஞர் ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் யார்க்டவுன் ஹைட்ஸ் என்னுமிடத்திலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைத் துடிப்புத் துடிப்பாக வீசும் எக்சைமர் லேசர், பிளாஸ்டிக் போன்ற பொருள்களைச் சுற்றுப்புறம் கருகாமல் செதுக்குவதை அங்கே கண்டனர். 1981 நவம்பரில், அமெரிக்கரின் நன்றி நவிலும் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் அவ்வொளி செலுத்தப்பட்டது. வேறொரு லேசர் பட்ட இடம் கருகிற்று. எக்சைமர் பட்ட இடத்திலோ தூய வெட்டு! மிக மெல்லிய மேலடுக்கே அவ்வொளியை முழுதும் உறிஞ்சிக்கொள்கிறது. மூலக்கூறுப் பிணைப்புகள் முறிந்து துகள்கள் தெறித்தோடும்போது வெப்பத்தையும் உடன்கொண்டு போய்விடுகின்றன. ஒரு துடிப்பு நீக்குவது ஏறத்தாழ கால் மைக்ரான் திசுவையே.

கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலுடன் இணைந்து விழிவெண்படலத்தில் செய்த சோதனை 1983இல் வெளியாயிற்று. 1995இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. சீனிவாசனும், உடனாய்ந்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரும் 2013இல் அந்நாட்டுத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தைப் பெற்றனர்.

இன்று பரவலாக வழங்கும் லேசிக் முறையில், படலத்தின் மேற்பகுதியை மெல்லிய மூடிபோல் திறந்து, உள்ளடுக்கைச் செதுக்கியபின் மூடிவிடுவர். ஆறு மில்லிமீட்டர் அகலத்திற்கு ஒரு டயாப்டர் திருத்த ஏறத்தாழ 12 மைக்ரான் நீக்கவேண்டும். ஐந்து டயாப்டருக்கு 60. நீக்கிய உள்ளடுக்கு மீண்டும் வளராது. ஆதலின், படலம் மெலிந்தவர்க்கும், அது கூம்புபோல் துருத்தும் நோயுடையவர்க்கும் இச்சிகிச்சை தீங்காக முடியும். கண் உலர்தலும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிதலும் சிலர்க்கு உண்டாகும்.

தாராவியிற் பலர்க்கு இன்றியமையாத செய்தி வேறொன்று. தோற்பை தைப்போரும் தையல் வேலை செய்வோரும் நாற்பது வயதுக்குமேல் ஊசியில் நூல் கோக்க இயலாது வருந்துவர். இது சாளேசுரம், கண்ணின் உள்வில்லை நெகிழ்ச்சி இழப்பதால் வருவது. படலத்தைத் தட்டையாக்குவதால் அந்நெகிழ்ச்சி திரும்பிவிடாது. அன்றியும், மிதமான கிட்டப்பார்வையுடைய தொழிலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியைக் கண்ணருகே பிடித்து நூல் கோத்துவிடுவார். இரு கண்களுக்கும் தொலைப்பார்வையை முழுதும் திருத்திக்கொண்டபின் அவ்வசதியும் போய்விடும். கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வாங்கவேண்டிவரும். கடன்பட்டுச் சிகிச்சைக்குச் செல்லுமுன் இதனை அவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். கண்புரைக்கும் இது மருந்தன்று.

பள்ளிச் சிறுவர்க்கோ லேசர் சிகிச்சை உரியதே அன்று. பதினெட்டு வயது நிறைந்து, கண்ணாடியின் அளவு ஓராண்டேனும் மாறாதிருத்தல் வேண்டும் என்பது மருத்துவர் கொள்ளும் விதி. கண்ணை இடுக்கிப் பார்ப்பவன், கரும்பலகையை விட்டு அடுத்தவன் ஏட்டைப் பார்த்து எழுதுபவன், இவர்களை ஆசிரியர் சோம்பேறிகள் எனக் கொள்ளாது, சயனிலுள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை போன்றவற்றின் கண் பிரிவுக்கு அனுப்புதல் வேண்டும். அவர்களுக்கு வேண்டுவது பெரும்பாலும் தக்கதொரு கண்ணாடியும், ஆண்டுதோறும் ஒருமுறை பரிசோதனையுமே.