நொண்டாத பூனையின் மூட்டுவலி

நாய்க்குக் கால் வலித்தால் நொண்டும். வீட்டில் யாராவது ஒருவர் பார்த்துவிடுவார். பூனையின் கதை வேறு. மூட்டுவாதம் பெரும்பாலும் அதன் இடம் வலம் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பிடிக்கிறது. எந்தக் காலைத் தூக்கி எந்தக் காலைக் காப்பாற்றுவது? அதனால் அது சில வேலைகளைச் சத்தமில்லாமல் கைவிடுகிறது. காரின் கூரைக்கு ஒரே தாவில் போனது, இப்போது பானெட்டில் ஒருமுறை நின்று ஏறுகிறது. முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்ய வளைய முடியாமல் அங்கே முடி சிக்குப்பிடிக்கிறது. நகம் தேயாமல் நீள்கிறது. மணல் தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் அதற்குப் பக்கத்திலேயே அசுத்தம் செய்துவிட்டுத் திட்டும் வாங்குகிறது. ஜொகூர் பாருவிலோ ஸ்கூடாயிலோ ஒரு தாமான் வீட்டில் இத்தனையையும் பார்ப்பவர் சொல்லக்கூடியது ஒன்றுதான்: “வயசாயிடுச்சு.” என் வழக்கு அந்த ஒரு சொல்லோடுதான்.

அமெரிக்காவில் 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமெல்லாம் வலியாகிவிடுமா என்று ஒருவர் கேட்டால், நியாயமான கேள்விதான். படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டு வலிக்காமலும் இருக்கும். நன்றாகத் தெரிவது வலிக்கவும் செய்யும். இதற்கு விடை படத்தில் கிடைக்காது, நடத்தையில்தான் கிடைக்கும். வட கரோலினா ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சோதனை இங்கே உதவுகிறது. சில பூனைகளுக்கு மெலாக்சிகாம் என்ற வலிமருந்து, சிலவற்றுக்கு வெறும் போலி மருந்து. இரண்டு தரப்பு உரிமையாளர்களுமே “இப்போ தேவலை” என்றார்கள். நம்பிக்கை கண்ணை மயக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் பிறகு, அவர்களுக்குத் தெரியாமலே எல்லாப் பூனைகளையும் போலி மருந்துக்கு மாற்றியபோது, உண்மையான மருந்து பெற்றிருந்த பூனைகள் பின்னடைந்ததை அவற்றின் உரிமையாளர்கள் கண்டுபிடித்தார்கள். மருந்து நின்றதும் திரும்பி வருவதை முதுமை என்று எப்படிச் சொல்வது? முதுமை மருந்துக்கு விலகி நின்று, மருந்து நின்றதும் திரும்பி வருவதில்லை.

வலி என்று ஒப்புக்கொண்டால், நாயோ பூனையோ, முதல் வேலை மருந்துக் கடையில் இல்லை, சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை தொடர்ந்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவான உணவு. குறைவாகத் தின்ற நாய்கள் ஏறத்தாழ 13 வயதுவரையும் மற்றவை 11 வயதைச் சற்றுத் தாண்டியும் வாழ்ந்தன. மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் சுமார் மூன்று ஆண்டு தள்ளிப்போனது. ஆய்வை நடத்தியது பியூரினா. நாய் உணவு விற்கும் நிறுவனமே “குறைத்துப் போடு” என்று சொல்லும்போது கொஞ்சம் நம்பலாம். கொழுப்பு வெறும் சுமை மட்டுமில்லை, வீக்கத்தைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. ‘பாவம், வாயில்லா ஜீவன், சாப்பிட்டுப் போகட்டுமே’ என்று மிச்ச ரொட்டி சானாயையும் கோழிச் சோற்றையும் தள்ளுவது அன்புதான். அந்த அன்பின் எடையை இடுப்பு மூட்டு சுமக்கிறது.

மருந்தென்றால் சிறுநீரகம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அச்சம் வெறும் கற்பனை இல்லை: பூனைகளுக்கு மெலாக்சிகாமைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது குறித்து அமெரிக்க மருந்துத் துறை 2010இல் கடும் எச்சரிக்கை விடுத்தது, வேறு சில நாடுகள் மிகக் குறைந்த அளவில் நீண்டநாள் தர அனுமதிக்கின்றன. இரத்தப் பரிசோதனையோடு மருத்துவர் அளவு குறித்துத் தரவேண்டிய மருந்து அது. வலியைக் கடத்தும் நரம்பு வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கும் மாத ஊசியும் வந்திருக்கிறது. நாய்களுக்கான ஊசியின் பக்கவிளைவுகள் குறித்து அதே துறை 2024 டிசம்பரில் கால்நடை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. ஆபத்தில்லாதது என்று பலர் வாங்கும் குளுக்கோசமைன் பற்றி 2022இல் வந்த தொகுப்பாய்வு கைவிரித்துவிட்டது. மீன் எண்ணெயின் ஒமேகா-3க்குத்தான் ஆதாரம் தேறியது. உண்மையில் பயப்படவேண்டியது அலமாரியில் கிடக்கும் பனடோலுக்கு. அதைச் செயலிழக்கச் செய்யும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. நஞ்சாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். ஒரு மாத்திரை ஓர் உயிரை எடுக்கும்.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. வளர்க்கும் பிராணியை வலியிலிருந்து காப்பது உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. செலவு முடியாதே என்பவருக்கும் செய்யக்கூடியவை இருக்கின்றன. வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் பாய், ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிய மணல் தட்டு, சோபாவுக்குக் கீழே ஒரு முக்காலி. நாயை, ஜொகூரில் ஏழு மணிவாக்கில் வெயில் எழும்புமுன், தார் சூடேறாத நேரத்தில் மெதுவாக நடத்தலாம். கிளினிக் மேசையில் பூனை பயந்து உறைந்துவிடும், அங்கே அதன் நடை தெரியாது. ஆகவே வீட்டிலேயே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவது நல்லது. ஏறுவதை மட்டும் எடுத்தால் போதாது. மாடிப்படியில் இறங்குவதையும் எடுக்கவேண்டும்: இறங்கும்போது உடம்பின் பாரம் முன்னங்கால்களில் விழுகிறது, முழங்கையோ பூனைகளில் அதிகம் கெடும் மூட்டுகளில் ஒன்று.