மலைப்பாதை மிதிவண்டிப் பயணமும் உடல் தூய்மையும்

வார விடுமுறையில் மூக்கண்டப்பள்ளியிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் வரை மிதிவண்டியில் சென்று வருவோர் உண்டு. உடை, உணவு, படுக்கை அனைத்தையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு செல்லும் இப்பயணம் உடலுக்கும் மனத்துக்கும் நன்மை தருவது. ஆனால் வழியெங்கும் குளியலறையோ கழிப்பறையோ கிடைப்பதில்லை. எனவே சில பழக்கங்களைத் தவறாது கைக்கொள்ள வேண்டும்.

நீரும் கைகளும்

ஓடை நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதைத் தூயது எனக் கொள்ளலாகாது. கலங்கிய நீரைத் துணியால் வடிகட்டி, கொதி வந்தபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பு இல்லையெனில் குளோரின் மாத்திரையை உறையில் குறித்த அளவில் இட்டு, 30 நிமிடம் கழித்துப் பருகலாம். மலம் கழித்த பின்னும் உண்ணும் முன்னும் சோப்பினால் 20 விநாடிகள் கை கழுவுங்கள். அழுக்கு படிந்த கைகளில் சானிடைசர் சரிவரப் பயன் தராது. நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் குழி தோண்டி மலம் கழித்து, மண்ணால் மூடிவிடுங்கள். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசலை (ஓ.ஆர்.எஸ்.) உடனே பருகத் தொடங்குங்கள்.

தோல்

இருக்கையின் உராய்வும் வியர்வையும் தொடையிடுக்கில் புண்ணையும் படர்தாமரையையும் உண்டாக்கும். வண்டியை நிறுத்தியதும் ஈர உடையைக் களைந்து, ஈரத்துண்டால் உடலைத் துடைத்து, நன்கு உலர்த்துங்கள். இதற்கு அரை லிட்டர் நீர் போதும். இரண்டு கால்சட்டைகளை மாற்றி மாற்றி அணியுங்கள். நீரிழிவு உள்ளோர் பாதங்களையும் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

உண்ணிக்காய்ச்சல்

மாலையில் உடலைத் துடைக்கும் நேரமே தோலைச் சோதிக்கவும் ஏற்ற நேரம். புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகள் கடிப்பதால் ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்னும் காய்ச்சல் வருகிறது. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு தோன்றலாம். வலி இல்லாததாலும், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் இருப்பதாலும் அது கவனத்துக்கு வருவதில்லை. புல்தரையில் நேரடியாகப் படுப்பதையும் உடைகளைப் புதர்மீது உலர்த்துவதையும் தவிர்க்கவும். வனத்துறை அனுமதியின்றிக் காட்டில் தங்கலாகாது. ஊர்களிலேயே இரவைக் கழியுங்கள்.

குடும்பத்தாருக்கு

உண்ணி கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கக்கூடும். அதற்குள் பயணமே மறந்து போயிருக்கும். ஆகவே, திரும்பி வந்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி கண்டால், மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். “அஞ்செட்டிப் பக்கம் சென்று வந்தார்” என்ற ஒரு செய்தியை மறவாமல் சொல்லுங்கள். நோயாளி சோர்ந்தோ குழம்பியோ இருக்கையில் அதைச் சொல்லக்கூடியவர் நீங்களே.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால், மருத்துவர் தரும் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தால் இந்நோய் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.