பழைய பாஸ் புத்தகமும் பிரதேச அபிவிருத்தி வங்கியும்



போன மாதம் ஒரு டிவிசனில் லயத்துக் கூரை சம்பந்தமாகப் பேசப் போயிருந்தோம். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா எங்களைக் கூப்பிட்டு, பெட்டிக்குள் வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு பாஸ் புத்தகம். மேலே ‘கந்துரட்ட அபிவிருத்தி வங்கி’ என்று போட்டிருந்தது. “ஐயா, இந்தப் பேங்கே இப்ப இல்லைங்கிறாங்களே, என் காசு போயிருச்சா?” என்று கேட்டார்.

போகவில்லை. அந்த வங்கி மூடப்படவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் அந்த வங்கியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நம் நாட்டில் 1939இல் இலங்கை வங்கியும் 1961இல் மக்கள் வங்கியும் வந்தன. ஆனாலும் கிராமத்து ஏழைக்கு வங்கிப் படி ஏறுவது லேசான காரியமாக இருக்கவில்லை. காணி உறுதி கொண்டு வா, பிணைக்கு ஆள் கொண்டு வா, அந்த படிவத்தை நிரப்பு, இந்த படிவத்தை நிரப்பு என்றால் இரண்டு மாடு வாங்க நினைப்பவன் எங்கே போவான்? வட்டிக்காரனிடம்தான் போவான். இதை மாற்றத்தான் 1985ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகள் தொடங்கப்பட்டன. மத்திய வங்கியே முன்னின்று அவற்றை நடத்தியது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி என்பது எண்ணம். இப்படி 17 வங்கிகள் உருவாகின. ஆள் வங்கியைத் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், வெளிக்கள உத்தியோகத்தர்கள் கிராமத்துக்குள் போய் சேமிப்புச் சேர்த்தார்கள், கடனும் கொடுத்தார்கள்.

உள்ளதைச் சொன்னால், அந்த வங்கிகளைத் தொடங்கியவர்கள் மனதில் முதலில் இருந்தவர் நெல், மிளகாய் போடும் கிராமத்து விவசாயி. தோட்டத் தொழிலாளி அல்ல. நமக்குக் காணியும் இல்லை, லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதோடு அந்தக் காலத்தில் நம்மில் பலரிடம் அடையாள அட்டையே இல்லை. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு எங்கிருந்து அட்டை வரும்? 1988லும் 2003லும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. இருந்தும் டவுனுக்குக் கொழுந்துப் பணத்தோடு போன நம் அம்மாமார் அங்கே கணக்குத் திறந்தார்கள். தோடு, வளையலை அடகு வைத்து மீட்டார்கள். பெரிய வங்கிகளை விட அங்கே போய்ப் பேசக் கூச்சம் குறைவு என்று அவர்களே எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மாவட்டத்துக்கொரு சின்ன வங்கி என்றால் செலவு அதிகம், திரும்பி வராத கடனும் சேர்ந்தது. அதனால் 1997ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி அந்தப் பதினேழும் ஆறு வங்கிகளாகச் சேர்க்கப்பட்டன. ரஜரட்ட, வயம்ப, ருகுண, சப்ரகமுவ, ஊவா, கந்துரட்ட என்பவை அவை. மத்திய மாகாணத்து ஆட்களுக்குக் கந்துரட்ட, பதுளை பக்கத்தவருக்கு ஊவா, இரத்தினபுரி, கேகாலைக்காரருக்குச் சப்ரகமுவ என்ற பெயர்கள் இப்படித்தான் வந்தன. பிறகு 2008ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் இந்த ஆறையும் ஒன்றாக்கியது. 2010 மே 1 முதல் ‘பிரதேச அபிவிருத்தி வங்கி’ என்ற ஒரே பெயரில் நடக்கிறது. தலைமை அலுவலகம் களனியில். பழைய ஆறு வங்கிகளின் சொத்தும் கடனும் வைப்புப் பணமும் புதிய வங்கிக்கு வந்துவிட்டன. ஆக அந்த அம்மாவின் புத்தகமும் அதற்குள்தான்.

இது அரசாங்க வங்கி. ஆனால் மற்ற வணிக வங்கி மாதிரி எல்லாம் செய்யாது. ‘விசேட வங்கி’ என்ற அனுமதிப்பத்திரம்தான் இதற்கு. நடைமுறைக் கணக்குத் திறந்து செக் புத்தகம் வாங்க முடியாது. நம் குடும்பத்துக்கு அது பெரிய குறை இல்லை. சேமிப்பு, நிலையான வைப்பு, பிள்ளைகள் கணக்கு, அடகு, கடன் எல்லாம் உண்டு. போடும் பணத்துக்கு 2010இலிருந்து வைப்புக் காப்புறுதியும் இருக்கிறது. 2021 முதல் ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரை அந்தப் பாதுகாப்பு. சீட்டுக்காரரிடம் கட்டிய காசுக்கு இப்படி ஒன்றும் கிடையாது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

வங்கி எப்படிப் பிழைக்கிறது? நாம் போடும் பணத்துக்கு ஒரு வட்டி தருகிறது, அதையே இன்னொருவருக்குக் கூடிய வட்டிக்குக் கொடுக்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் கட்டிட வாடகையும் உத்தியோகத்தர் சம்பளமும். எனவே எந்த வங்கியானாலும், எந்தக் கம்பெனியானாலும் ‘வட்டி எத்தனை வீதம்’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘எந்த முறையில்’ என்றும் கேட்க வேண்டும். ஓர் இலட்சம் ரூபாவை 12 வீதத்துக்கு ஒரு வருடத்தில் மாதா மாதம் கட்டுவதாக வைப்போம். குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் தவணை சுமார் 8,885 ரூபா. வருடம் முடிய வட்டி சுமார் 6,620 ரூபா. முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால் தவணை 9,333 ரூபா, வட்டி 12,000 ரூபா. இரண்டுக்கும் வாயில் சொல்வது ‘12 வீதம்’ தான்! இரண்டாவது உண்மையில் 21 வீதத்துக்கும் மேல் போகிறது. லயத்து வாசலுக்கே வந்து கடன் தரும் ஆட்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பதில் எப்படி வருகிறது என்று.

பிணை பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி, பக்கத்துக் காம்பரா ஆளுக்காக ஒரு தனியார் கடன் நிறுவனத்தில் ‘சும்மா சாட்சிக் கையெழுத்து’ என்று நினைத்துப் போட்டுவிட்டார். படிவம் அவருக்குப் புரியாத மொழியில் இருந்தது. கடன் எடுத்தவர் கொழும்புக்குப் போய்விட்டார். தவணை இவர் தலையில் விழுந்தது. சாட்சி வேறு, பிணை வேறு. பிணைக்காரர் என்றால் மற்றவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று அர்த்தம். அந்தப் பெயர் கொடுகடன் தகவல் பணியகத்திலும், அதாவது எல்லாரும் ‘கிரிப்’ என்று சொல்லும் இடத்திலும் பதிவாகும். பிறகு நம் பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். தமிழும் அரசகரும மொழி. விளங்காத படிவத்தைத் தமிழில் தரச்சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் வாசித்து விளக்கும்வரை பேனாவைத் தொட வேண்டாம்.

சரி, அந்த அம்மாவின் காசு. பத்து வருடமாகப் போடுவதும் எடுப்பதும் இல்லாத கணக்கின் பணம் சட்டப்படி மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அப்போதும் அது அவருடைய பணம்தான். கணக்கிருந்த கிளைக்குப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கொண்டுபோய் விண்ணப்பிக்க வேண்டும். கணக்குக்காரர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் உரித்தைக் காட்டும் பத்திரங்களும் தேவை.

இவர் விஷயத்தில் வேறொரு தொல்லை. புத்தகத்தில் ஒரு பெயர், அட்டையில் வேறொரு எழுத்து. நம் ஆட்களுக்கு இது புதிதா? பிறப்புப் பதிவில் ஒன்று, செக்ரோலில் ஒன்று, அட்டையில் ஒன்று! இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, அடுத்த சம்பளத்துக்குப் பிறகு அவரோடு கிளைக்குப் போகிறோம். மருமகளும் வருவதாகச் சொன்னார்.

உங்கள் பெட்டியிலும் இப்படிப் புத்தகம் இருந்தால் கிழிந்திருந்தாலும் வீசிவிடாதீர்கள். நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அட்டையின் பிரதியும் கையோடு வரட்டும்.