தீவனத்தில் கம்பி தேடும் கருவிக்கு எந்த பேட்டரி?

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்த கடிதம் இது.

‘ஐயா, எங்களிடம் நான்கு கறவை மாடுகள் இருக்கின்றன. போன வருஷம் ஒரு மாடு தீனி எடுக்காமல் இளைத்துக்கொண்டே போய் இறந்துவிட்டது. வயிற்றில் கம்பி இருந்ததாக டாக்டர் சொன்னார். பக்கத்து மனையில் வீடு கட்டியபோது சிதறிய கட்டுக்கம்பி வைக்கோலில் கலந்திருக்கிறது. அதன் பிறகு, கோயில் வாசலில் சோதனை போடுவார்களே, அந்த மாதிரி கை மெட்டல் டிடெக்டர் ஒன்றைத் தம்பி வாங்கிக் கொடுத்தான். தினமும் வைக்கோலைத் தடவிப் பார்த்துத்தான் போட்டோம். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு முன்பு இன்னொரு மாடு படுத்துவிட்டது. ஆபரேஷன் செய்து இரண்டு அங்குலக் கம்பி எடுத்தார்கள். மாடு பிழைத்துவிட்டது. கருவியைத் திறந்து பார்த்தால் பேட்டரி கசிந்து, முனையில் பச்சை பூத்திருந்தது. ஆனால், விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இனி சார்ஜ் செய்கிற பேட்டரி போடலாமா, தூக்கிப் போடுகிற பேட்டரியே போதுமா? கடைக்குக் கடை ஒன்று சொல்கிறார்கள்.’

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாடு விழுங்கிய கம்பி மாதக்கணக்கில் வயிற்றுக்குள் சும்மா கிடக்கும். சினைப் பருவத்திலோ கன்று ஈனும்போது முக்குகையிலோ அழுத்தம் ஏற்பட்டு, குத்தி உள்ளே ஏறும். எனவே, இரண்டாவது மாட்டுக்குள் இருந்த கம்பி நீங்கள் கருவி வாங்குவதற்கு முன்பே போனதாகவும் இருக்கலாம். உங்கள் கவனக்குறைவு என்று மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். ஆனால், பேட்டரி செத்த கருவியை வைத்து எத்தனை நாள் வைக்கோலைத் தடவினீர்களோ, அத்தனை நாளும் சோதனை நடக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

டார்ச் லைட்டில் பேட்டரி தீர்ந்தால் வெளிச்சம் மங்கும், நமக்கே தெரிந்துவிடும். மெட்டல் டிடெக்டர் அப்படியில்லை. நல்ல வைக்கோலைத் தடவினாலும் சத்தம் வராது. பேட்டரி செத்திருந்தாலும் சத்தம் வராது. சின்ன விளக்கு எரிய மிகக் குறைந்த மின்சாரம் போதும். அதனால் விளக்கு எரிவதை வைத்துக் கருவி வேலை செய்கிறது என்று நம்பக் கூடாது. இந்தக் கருவிக்குப் பேட்டரி தேர்வு செய்யும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

கடையில் கிடைப்பவை என்னென்ன?

கையில் பிடிக்கும் டிடெக்டர்கள் பெரும்பாலானவற்றில் 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று போடுவார்கள். கொக்கி மாதிரி இரண்டு முனையும் ஒரே பக்கம் இருக்குமே, அதுதான். இதில் நான்கு ரகம் உண்டு.

முதலாவது, மலிவான சாதாரண கார்பன் பேட்டரி. சுவர்க் கடிகாரம், டி.வி. ரிமோட் போன்ற மெல்ல இழுக்கும் பொருட்களுக்குப் போதுமானது. தினசரி வேலைக்குத் தாங்காது. தீர்ந்த பிறகு உள்ளேயே விட்டால் சீக்கிரம் கசியும்.

இரண்டாவது, ஆல்கலைன் பேட்டரி. இதுவும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவதுதான். ஆனால், சாதாரண பேட்டரியைவிட அதிக நேரம் உழைக்கும். 9 வோல்ட் ஆல்கலைனில் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குச் சக்தி இருக்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வருஷக்கணக்கில் கெடாது.

மூன்றாவது, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு எனப்படும் சார்ஜ் பேட்டரி. இதே சதுர அளவில் சுமார் 200 மில்லி ஆம்பியர் மணிதான் கொள்ளும். அதாவது, ஒரு தடவைக்கு ஆல்கலைனில் பாதிகூட ஓடாது. ஆனால், சரியாகப் பராமரித்தால் நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம்.

நான்காவது, லித்தியம் சார்ஜ் பேட்டரி. செல்போன் சார்ஜர் ஒயரை நேராக பேட்டரியிலேயே சொருகும் வகை இப்போது வருகிறது. சில தயாரிப்புகளில் 9 வோல்ட்டை உண்டாக்க உள்ளே ஒரு சின்ன மின்சுற்று இருக்கும். அதன் இரைச்சல் சில டிடெக்டர்களில் பொய்ச் சத்தத்தை எழுப்பலாம். தீரும்போது முன்னறிவிப்பு இல்லாமல் சட்டென்று நின்றுவிடும். உங்கள் கருவியின் கையேட்டில் லித்தியம் போடலாம் என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வோல்ட் கணக்கில் ஒரு சூட்சுமம்

சார்ஜ் பேட்டரியின் உள்ளே 1.2 வோல்ட் கொண்ட சின்னச் சின்ன செல்களை அடுக்கியிருப்பார்கள். 7 செல் இருந்தால் 8.4 வோல்ட். 6 செல் மட்டும் வைத்து 7.2 வோல்ட்டில் வருவதும் உண்டு. இரண்டையும் கடையில் ‘9 வோல்ட் சைஸ்’ என்றுதான் கொடுப்பார்கள். 7.2 வோல்ட் பேட்டரியைப் போட்டால், முழு சார்ஜ் இருக்கும்போதே சில கருவிகள் பேட்டரி குறைவு என்று காட்டும். எனவே பேட்டரியின் உடம்பில் எழுதியிருப்பதைப் படித்து, 8.4 வோல்ட்டுக்குக் குறையாததை வாங்குங்கள்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஆல்கலைன் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் எச்சரிக்கை விளக்கு உள்ள கருவியில் முன்கூட்டியே தெரியும். நிக்கல் சார்ஜ் பேட்டரி கடைசிவரை ஒரே சீராக ஓடிவிட்டு, முடியும் நேரத்தில் மளமளவென்று இறங்கிவிடும். ஆகவே, சார்ஜ் பேட்டரி போட்டவர்கள் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காமல் நாள் கணக்கு வைத்து சார்ஜ் போட வேண்டும்.

யாருக்கு எது லாபம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கருவி 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆல்கலைன் 25 மணி நேரம் ஓடும். சார்ஜ் பேட்டரி 10 மணி நேரம் ஓடும். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், கணக்குக்காக ஆல்கலைன் ஒன்று 200 ரூபாய், சார்ஜ் பேட்டரி ஒன்று 400 ரூபாய், சார்ஜர் 500 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

சகோதரியின் வீட்டில் தினமும் அரை மணி நேரம் சோதனை நடக்கிறது என்றால், வருஷத்துக்கு ஏறத்தாழ 182 மணி நேரம். இதற்கு 8 ஆல்கலைன் வேண்டும். செலவு 1,600 ரூபாய். சார்ஜ் பேட்டரி என்றால், ஒன்று கருவியில், ஒன்று கையிருப்பில் என்று 2 வாங்கி, சார்ஜரும் சேர்த்து 1,300 ரூபாய். முதல் வருஷத்திலேயே போட்ட பணம் திரும்பிவிடும். அடுத்த வருஷம் மின்சாரத்துக்கு ஆகும் சில்லறைச் செலவுதான்.

அதே கருவியை, வைக்கோல் லோடு வந்து இறங்கும்போது மட்டும் எடுப்பவர்களும் இருப்பார்கள். வருஷத்துக்கு மூன்று லோடு, லோடுக்கு நான்கு மணி நேரம் என்றால் மொத்தம் 12 மணி நேரம். இவர்களுக்கு ஒரே ஒரு ஆல்கலைன் போதும். 1,300 ரூபாய் போட்டு சார்ஜ் பேட்டரி வாங்கினால் அது வீண் செலவு. நிக்கல் பேட்டரி சும்மா இருந்தாலே சக்தியை இழக்கும். சாதாரண வகையில் ஒரு மாதத்திலேயே நாலில் ஒரு பங்கு போய்விடும். வெயிலில் காயும் தகரக் கொட்டகையில் வைத்திருந்தால் இன்னும் வேகமாகப் போகும். நான்கு மாதம் கழித்து லோடு வரும்போது கருவியை எடுத்தால் அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சுருக்கமாகச் சொன்னால், தினமும் எடுப்பவர்களுக்குச் சார்ஜ் பேட்டரி. எப்போதாவது எடுப்பவர்களுக்கு ஆல்கலைன். சார்ஜ் பேட்டரி வைத்திருப்பவர்களும் பிரிக்காத ஆல்கலைன் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள் கரன்ட் இல்லாவிட்டாலும் மாட்டுக்குத் தீனி போட்டுத்தானே ஆக வேண்டும்?

சகோதரி, உங்களுக்கு ஒரு சுலபமான வழி. அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று என்று பேட்டரியை மாற்றிப் போடுங்கள். பதினைந்து நாளைக்கு ஏழரை மணி நேரம்தான் ஓடியிருக்கும்; 10 மணி நேரக் கணக்குக்குள் அடங்கிவிடும். கையிருப்புப் பேட்டரியை அதற்கு முந்தின நாள் சார்ஜ் ஏற்றினால் போதும். பேட்டரி மீது 1, 2 என்று எழுதி வைத்தால் குழப்பம் வராது. உங்கள் பழைய கருவியின் முனைகளில் இருக்கும் பச்சையை, எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கசிந்ததைக் கையால் தொட வேண்டாம். துடைத்த பிறகும் கருவி சரியாகச் சத்தம் கொடுக்காவிட்டால், அதை நம்பாமல் மாற்றிவிடுங்கள்.

ஆணி வைத்து சோதியுங்கள்

எந்த பேட்டரி போட்டாலும் இதை விட்டுவிடக் கூடாது. ஓர் அங்குல ஆணி ஒன்றைச் சிவப்புத் துணியில் முடிந்து, நீளமான கயிறு கட்டி, கருவியோடு மாட்டி வையுங்கள். சிவப்புத் துணியும் கயிறும் இருந்தால் அது வைக்கோலோடு போய்விடாது. வேலை தொடங்கும்போது ஆணியின் மீது நான்கு விரல் அகலம் வைக்கோலைப் பரப்பி, கருவியால் தடவுங்கள். சத்தம் வந்தால் தொடங்கலாம். முடித்ததும் அதேபோல மறுபடி சோதியுங்கள். கடைசிச் சோதனையில் சத்தம் வராவிட்டால், அன்று பார்த்த வைக்கோல் முழுவதையும் புது பேட்டரி போட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். உணவுப் பொருள் தொழிற்சாலைகளில் உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரத்தையும் இப்படித்தான், தெரிந்த உலோகத் துண்டை அனுப்பிச் சோதிப்பார்கள்.

வைக்கோலைக் கட்டோடு தடவினால் நடுவில் இருக்கும் கம்பி தெரியாது. பிரித்து, மெல்லிய அடுக்காகப் பரப்பித்தான் தடவ வேண்டும். இரும்புக் கட்டில், அரிவாள், தட்டை நறுக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். மோதிரம், வளையல், மெட்டிக்கும் கருவி சத்தம் போடும்.

காந்தத்தையும் மறந்துவிட வேண்டாம். மாடு விழுங்குவது பெரும்பாலும் இரும்புக் கம்பியும் ஆணியும்தான். நறுக்கிய தட்டை வந்து விழும் இடத்தில் ஒரு வலுவான காந்தத்தைப் பொருத்தினால், பேட்டரி இல்லாமலே நிறைய பிடித்துவிடும். செம்பு, அலுமினியம் போன்றவை காந்தத்தில் ஒட்டாது. அவற்றுக்கும், காந்தத்துக்குத் தப்பியவற்றுக்கும்தான் டிடெக்டர். முதலில் காந்தம், பிறகு கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீ விபத்து எச்சரிக்கை

சதுர பேட்டரியின் இரண்டு முனையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஒரு துண்டுக் கம்பி குறுக்கே விழுந்தாலே சூடேறும். மெல்லிய கம்பி என்றால் பழுக்கக் காய்ந்து, பக்கத்தில் இருக்கும் வைக்கோலைப் பற்றவைத்துவிடும். வைக்கோலில் எடுத்த கம்பிகளைப் போடும் டப்பாவிலேயே பழைய பேட்டரியையும் போட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை இன்றே மாற்றுங்கள். கழற்றிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள். சாவியும் சில்லறையும் இருக்கும் சட்டைப் பையில் போடாதீர்கள். மாட்டுக் கொட்டகையிலும் வைக்கோல் போர் பக்கத்திலும் சார்ஜ் போடாதீர்கள்.

மேலும் சில கேள்விகள்

*தூக்கிப் போடும் பேட்டரியை சார்ஜரில் போட்டால் கொஞ்சம் உயிர் வருமா?*

கூடாது. உள்ளே வாயு உண்டாகிக் கசியும், வெடிக்கவும் கூடும். நிக்கல் பேட்டரிக்கு நிக்கல் சார்ஜர், லித்தியத்துக்கு லித்தியம் சார்ஜர் என்று தனித்தனியாகத்தான் பயன்படுத்த வேண்டும். நிறைந்ததும் தானாக நின்றுவிடும் சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள்.

*எங்கள் கருவியில் பென்சில் பேட்டரிகள் போடுகிறோம். பழையதும் புதியதும் கலந்து போடலாமா?*

வேண்டாம். பலவீனமான ஒன்று மற்றவற்றையும் கீழே இழுத்துவிடும். கசிவும் அதில்தான் தொடங்கும். எத்தனை பேட்டரி போடுகிறதோ, அத்தனையும் ஒரே ரகம், ஒரே வயது, ஒரே நிறுவனமாக இருக்கட்டும். மாற்றும்போது மொத்தமாக மாற்றுங்கள். எடுத்த பேட்டரிகளில் சத்து மிச்சமிருந்தால் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

*தீர்ந்த பேட்டரியை எங்கே போடுவது?*

குப்பைக் குழியிலும் வயலிலும் போடாதீர்கள், எரிக்கவும் கூடாது. மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. வாங்கும் கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். அதுவரை டேப் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

*கருவியை மாட்டின் வயிற்றில் வைத்துப் பார்த்து, கம்பி இருக்கிறதா என்று நாமே தெரிந்துகொள்ளலாமா?*

சத்தம் வந்தால் உள்ளே உலோகம் இருக்கிறது என்று தெரியும்; அது குத்தியிருக்கிறதா என்று தெரியாது. சத்தம் வராவிட்டாலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாடு தீனி குறைத்தல், முதுகைக் கூனி நிற்றல், முன்கால் முட்டியை விலக்கி வைத்தல், படுத்து எழும்போது முனகுதல், நெஞ்சுப் பகுதியில் வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற இலவச எண்ணிலும் அழைக்கலாம்.