பாலம் ‘எழுபது விழுக்காடு’ முடிந்ததாம்: அதனால் உங்களுக்கு என்ன?

சாலை அகலமாகிறது, புதுப் பாலம் எழும்புகிறது, வேலை எழுபது விழுக்காடு முடிந்துவிட்டது என்று செய்தி வருகிறது. பினாங்கில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன செய்தி. படித்ததும் மனம் ஒரு கணக்குப் போடும்: ஏழு பங்கு முடிந்தது, மூன்று பங்குதான் பாக்கி, அடுத்த தீபாவளிக்கு அந்த வழியாகவே போய்விடலாம். இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பிப்போகும். ஏன் தப்புகிறது, பாலம் திறப்பதற்குள் உங்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் அன்றாடப் போக்குவரத்துக்கும் என்ன நேரும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுபது விழுக்காடு என்றால் எதில் எழுபது? பாலத்தின் நீளத்தில் அல்ல, நாட்களிலும் அல்ல. பொதுவாக அது வேலையின் பண மதிப்பில் சொல்லும் கணக்கு. ஒரு பேச்சுக்கு, மொத்த வேலை 100 மில்லியன் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் இறங்கும் கடைக்கால் தூண்கள் (பைல்), தண்ணீருக்கு மேல் நிற்கும் தூண்கள், அவற்றின் மேல் உட்காரும் உத்தரங்கள் இவைதான் அதிகப் பணம் விழுங்குபவை. இவை முடிந்தாலே கணக்கு எழுபதைத் தொட்டுவிடும். மிச்சமிருக்கும் முப்பதில் செலவு குறைவு, சிக்கல் அதிகம்: பாலத்தைப் பழைய சாலையோடு இணைக்கும் சரிவுப் பாதை, வடிகால், சாலை விளக்கு, சமிக்ஞை, இன்னும் கைக்கு வராத ஒரு துண்டு நிலம்.

ஆகவே, செய்தியில் விழுக்காட்டைப் பார்த்ததும் இன்னொரு கேள்வி கேளுங்கள். இரண்டு பக்கமும் இணைப்புச் சாலை எந்த நிலையில் இருக்கிறது? அந்தப் பதில்தான் திறப்பு நாளை நெருக்கமாகச் சொல்லும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் இரண்டாவது பினாங்கு பாலத்துக்கு 2006 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2011-இல் திறக்கும் என்றுதான் அப்போது பேச்சு. கட்டுமானம் சூடு பிடித்ததே 2008 நவம்பரில்தான். திறப்பு விழா நடந்தது 2014 மார்ச் 1-ஆம் தேதி. மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடலுக்கு மேல், செலவு 4.5 பில்லியன் வெள்ளி.

கடல் பகுதிதான் கடினம், கரை வேலை எளிது என்று நீங்கள் நினைக்கலாம். 2013 ஜூன் 6-ஆம் தேதி நடந்தது அதற்கு நேர்மாறு. பத்து மாவுங் பக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த சரிவுப் பாதையின் ஒரு பகுதி இடிந்து கீழே இருந்த சாலையில் விழுந்தது. காரில் போன ஒருவர் இடிபாட்டில் சிக்கி உயிரிழந்தார். கடைசிக் கட்டம், கரைப் பகுதி, கீழே ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்து: மூன்றும் சேரும் இடம்தான் எப்போதும் ஆபத்தான இடம். அந்த நேரத்தில் வேலை தாமதமானால் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அவசரப்படுத்தச் சொல்லி நெருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தாமதத்தைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. 2018 அக்டோபர் 19-ஆம் தேதி, பாயா தெருபோங் பக்கம் புக்கிட் குக்குஸ் சாலை கட்டும் இடத்தில் மலைச்சரிவு மண் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் மாண்டார்கள். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் பத்து நிமிடம் மிச்சம் பிடிப்பதற்கான சாலைக்காக அவர்கள் உயிர் போனது. கனமழை பெய்யும் நாளில் சரிவில் வேலை நிறுத்தப்பட்டிருந்தால், அதைச் சுணக்கம் என்று எண்ணாதீர்கள்.

ஆற்றுப் பாலம் சின்னதுதானே, அதற்கு ஏன் இத்தனை நாள்? பிறை ஆற்றின் முகத்துவாரப் பக்கம் போனால் இதற்கு விடை கிடைக்கும். பட்டர்வொர்த் வெளிவட்டச் சாலையின் பாலத்தை அங்கே உயரமான தூண்களிலிருந்து இழுத்துக் கட்டிய கம்பி வடங்கள் தாங்குகின்றன. இப்படிக் கட்டினால் நடு ஆற்றில் தூண்கள் குறைவாக வைத்தால் போதும், படகுகளும் தடையில்லாமல் போகும். பழைய ரயில் பாதைக்கு அங்கே வேறு வழி கண்டார்கள். கப்பலுக்கு வழிவிட, பாலத்தின் ஒரு பகுதியையே பக்கவாட்டில் திருப்பி வைத்தார்கள். ஆறு சின்னதாக இருந்தாலும், கீழே போகும் படகின் உயரம், ஏறி இறங்கும் கடல் நீர்மட்டம், அடியில் இருக்கும் குழைந்த களிமண் இந்த மூன்றும்தான் பாலத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. நம் கடலோரக் களிமண்ணில் கெட்டித் தரை கிடைக்கும்வரை தூணை ஆழமாக இறக்கியாக வேண்டும். மாதக்கணக்கில் ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று தோன்றும் காலம் அதுதான். வேலை தரைக்கு அடியில் நடந்துகொண்டிருக்கும்.

பாலத்துக்கு அடியில் நின்று மேலே பார்த்தால், தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அது ரப்பர் தாங்கி (உத்தரத்தின் பாரத்தைத் தூணுக்கு இறக்கும் மெத்தை). நம் லாப்பிஸ் பலகாரம் போல, ரப்பர் ஓர் அடுக்கு, இரும்புத் தகடு ஓர் அடுக்கு என்று மாறி மாறி ஒட்டிச் செய்தது. வெயிலில் கான்கிரீட் நீளும்போதும், மழையில் சுருங்கும்போதும், கனரக லாரி ஓடும்போதும் இது நெளிந்து கொடுக்கும். இரண்டாவது பாலத்தில் நிலநடுக்க அதிர்வை உறிஞ்சுவதற்கென்றே தயாரித்த இயற்கை ரப்பர் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். சுமத்ராவில் பூமி அதிர்ந்தால் இங்கே மாடிக் கட்டடம் ஆடுவது நமக்குத் தெரியும். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் விடியற்காலையில் பால் வெட்டி வளர்த்த தொழில் ரப்பர். அந்த ரப்பர் இன்று இந்தப் பாலத்தைத் தாங்குகிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி உங்கள் சொந்தக் கவலைக்கு வருவோம். சாலையை அகலப்படுத்த உங்கள் நிலம் வேண்டும் என்றால் என்ன நடக்கும்?

1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி அரசு பொதுப் பயனுக்கு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘தர மாட்டேன்’ என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் எடுபடாது. ‘இந்தத் தொகை போதாது’ என்பதற்குத்தான் சட்டத்தில் நல்ல வழி இருக்கிறது. அந்த வழியில் தேதிகள் மிக முக்கியம்.

முதலில் வருவது போராங் (படிவம்) ஏ. உங்கள் வட்டாரத்தில் நிலம் தேவைப்படக்கூடும் என்ற அறிவிப்பு மட்டும்தான் அது. நிலம் போய்விட்டது என்று அன்றைக்கே மலிவு விலைக்கு யாரிடமும் விற்றுவிடாதீர்கள். அடுத்து போராங் டி. இன்னின்ன மனை எடுக்கப்படுகிறது என்ற உறுதியான அறிவிப்பு இதில்தான் வரும். இது வந்து இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்யாவிட்டால் அறிவிப்பு காலாவதியாகிவிடும்.

போராங் ஏ வந்த பிறகு வீட்டைப் பெரிதாக்கினால் கூடுதல் பணம் கிடைக்குமா? அந்த நம்பிக்கையில் செலவு செய்யாதீர்கள். போராங் டி அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் வந்துவிட்டால், போராங் ஏ வெளியான நாளின் சந்தை விலைதான் கணக்கு.

போராங் ஈ வந்தால் விழித்துக்கொள்ளுங்கள். அது நில நிர்வாகி நடத்தும் விசாரணைக்கான அழைப்பு. அந்த விசாரணையில் உங்கள் கோரிக்கைத் தொகையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ‘அரசு என்ன தருகிறதோ பார்ப்போம்’ என்று வெறுங்கையோடு போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அன்று கோரிக்கை வைக்காதவர் பிறகு நீதிமன்றத்தில் தொகையை எதிர்ப்பது கடினம். முடிந்தால் தனியார் மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையோடு போங்கள்.

எதையெல்லாம் கேட்கலாம்? நிலத்தின் சந்தை விலை மட்டும் போதும் என்று நின்றுவிடாதீர்கள். நிலத்தின் ஒரு பகுதி மட்டும் போனால், மிச்சத் துண்டு பயனற்றுப் போவதற்கும் கேட்கலாம். வீடு மாறும் நியாயமான செலவையும் கேட்கலாம். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. புதுச் சாலையால் உங்கள் மிச்ச நிலத்தின் விலை ஏறினால் அந்த ஏற்றத்தை இழப்பீட்டில் கழிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தொகை முடிவானதும் போராங் எச் வரும். பணம் தேவை, தொகையும் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று குறித்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அப்படிக் குறிக்காமல் கையெழுத்துப் போட்டால் வழக்குக் கதவு அடைபட்டுவிடும். பிறகு போராங் என் மூலம் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம். தொகை முடிவான நேரத்தில் நீங்களோ உங்கள் பேராளரோ அங்கே இருந்திருந்தால், அன்றிலிருந்து ஆறு வாரம்தான் கெடு. ஆறு வாரம் சட்டென்று ஓடிவிடும். அதனால் விசாரணை நடக்கும்போதே வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு இருப்பவருக்கு? எழுத்து ஒப்பந்தமும் மிச்சக் காலமும் இருந்தால் பேச இடம் உண்டு. எந்த ஒப்பந்தமும் இல்லாமல், உரிமையாளர் விரும்பும்வரை மட்டும் குடியிருப்பவரை இந்தச் சட்டம் உரிமையுள்ளவராகக் கருதுவதில்லை. சாலையோரக் கடைக்காரர்களில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். கடையை வாய்ப்பேச்சில் நம்பி நடத்துபவர்கள் ஒப்பந்தத்தை இப்போதே காகிதத்தில் ஏற்றிவிடுங்கள்.

நிலம் போகவில்லை, ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே பைல் அடிக்கிறார்கள். சுவரில் விரிசல் விட்டால் யார் பொறுப்பு? தூணை அடித்து இறக்கினால் அதிர்வு அதிகம், துளையிட்டு கான்கிரீட் ஊற்றினால் குறைவு. எந்த முறை என்று முதலிலேயே கேளுங்கள். வேலை தொடங்கும் முன் குத்தகையாளர் பக்கத்து வீடுகளைப் படம் எடுத்துப் பதிவு செய்யும் வழக்கம் உண்டு. அவர்கள் வந்தால் கதவைத் திறந்து விடுங்கள், அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வராவிட்டால் நீங்களே தேதி தெரியும்படி எல்லாச் சுவர்களையும், கூரை ஓரங்களையும், குளியலறைத் தரையையும் கைத்தொலைபேசியில் எடுத்து வையுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் பின்னால் பேச வசதி.

தண்ணீர் நிற்குமா? அவ்வப்போது நிற்கும். சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாம் ஓடுகின்றன. அவற்றை நகர்த்தாமல் தூண் போட முடியாது. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றுவதற்காக நான்கு நாள் குடிநீர்த் தடை அறிவித்தபோது தீவும் பெருநிலமும் சேர்ந்து திண்டாடியது மறந்திருக்காது. குழாய் மாற்றும் அறிவிப்பு வந்தால் சொன்ன நேரத்தைவிட ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீர் பிடித்து வைப்பது நல்லது.

வேலை நடக்கும் காலத்தில் தீவுக்கும் பெருநிலத்துக்கும் எப்படிப் போய்வருவது? மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் இரண்டு பாலங்களிலும் டோல் இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகளிலும் மோட்டார் சைக்கிளை ஏற்றலாம், காரை ஏற்ற முடியாது. காரில் போகிறவர்களுக்குப் பாலங்கள்தான் கதி. இதற்கிடையே வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. ஆயர் ஈத்தாமிலிருந்து துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலைக்குப் போகும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் மாற்றுச் சாலையின் வேலை 2019-இல் தொடங்கியது. எல்.ஆர்.டி. முத்தியாரா தடத்துக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தீவில் சாலை குறுகும் இடங்கள் இன்னும் சில ஆண்டுகளுக்கு இருக்கத்தான் செய்யும். தைப்பூசக் காலத்தில் தண்ணீர்மலைப் பக்கம் சாலை அடைப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் மருத்துவமனைத் தேதி இருந்தால் முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள்.

பாலம் திறந்தபிறகு வட்டாரம் எவ்வளவு மாறும்? பத்து காவானைப் பாருங்கள். தோட்டமாக இருந்த இடம் அது. இரண்டாவது பாலம் வந்தபின் தொழிற்பேட்டை பெருகியது, பேரங்காடி வந்தது, 2019-இல் ஐகியா கடை திறந்தது. வேலை வாய்ப்பு கூடியது. வாடகையும் கூடியது, உள்சாலைகளில் லாரியும் கூடியது. பாலம் வரும் ஊரில் வீடு வாங்க எண்ணுபவர்கள் மனைக்கு முன்னால் போகும் சாலை எத்தனை தடமாகப் போகிறது, எந்தப் பக்கம் தொழிற்பேட்டை என்பதை மாநகர் மன்றத்தில் திட்ட வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தரகர் காட்டும் வண்ணத்தாளில் அது இருக்காது.

திறந்த பிறகு வடிகால் அடைத்தாலோ சாலை உள்வாங்கினாலோ யாரிடம் போவது? குத்தகையாளர் தன் செலவிலேயே பழுதைச் சரிசெய்ய வேண்டிய காலம் ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும், பொதுவாக ஓரிரு ஆண்டு. அதற்குள் புகார் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். எந்தச் சாலை யாருடையது என்பதிலும் குழப்பம் வரும்: கூட்டரசுச் சாலையும் மாநிலச் சாலையும் பொதுப்பணித் துறையிடம் (ஜே.கே.ஆர்.), தீவின் நகரச் சாலைகள் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்திடம், டோல் சாலை அதை நடத்தும் நிறுவனத்திடம். தேவையான விவரங்கள் கட்டுமான இடத்து வாசலில் நிற்கும் பெரிய பலகையிலேயே எழுதியிருக்கும்: திட்டத்தின் பெயர், எந்தத் துறை, எந்தக் குத்தகையாளர், தொடங்கும் தேதி, முடியும் தேதி. வேலை முடிந்ததும் முதலில் கழற்றிக்கொண்டு போவது அந்தப் பலகையைத்தான். அதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.